‘அதிகம்’ என்றால் கூட்டலா? தொடக்கப்பள்ளிக் கணக்குப் புத்தகம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பாடநூலும் பயிற்சித்தாளும் வினாத்தாளும் தயாரிக்கும் குழுவினருக்கு வணக்கம்.

ஏதாவது ஒரு நான்காம் வகுப்புக்குப் போய் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். “கவிதாவிடம் 12 கோலிக்குண்டுகள் இருக்கின்றன. இது அவள் தம்பியிடம் இருப்பதைவிட 4 அதிகம். தம்பியிடம் எத்தனை?” அநேகமாக, முதலில் எழும் குரல் “பதினாறு” என்றுதான் சொல்லும். அந்தக் குழந்தைக்குக் கணக்குப் போடத் தெரியாமல் இல்லை. பன்னிரண்டையும் நாலையும் பிசகாமல் கூட்டியிருக்கிறது. கதையைத்தான் படிக்கவில்லை. படிக்கத் தேவையில்லை என்று அதற்குப் பழக்கிவிட்டது நாம்தான், அதாவது வகுப்பில் நிற்கும் நாங்களும் புத்தகம் எழுதும் நீங்களும். இந்த மடலில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

“மொத்தம்னா கூட்டு, மீதின்னா கழி, ஆளுக்குன்னா வகு.” இதைக் கேட்காத தொடக்கப்பள்ளி உண்டா? டியூஷனில் இன்னும் பலமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சில உரைநூல்களில் பெட்டி கட்டியே போட்டிருக்கிறார்கள். எளிய கணக்குகளில் இது பலிக்கும், ஆபத்தும் அங்கேதான். மூன்றாம் வகுப்பு வரை முழு மதிப்பெண் வாங்கித் தந்த சூத்திரத்தை நான்காம் வகுப்பில் எந்தக் குழந்தை கைவிடும்? 1995இல் கலிபோர்னியாவில் ஹெகார்ட்டி, மேயர், மங்க் என்ற மூவர், கல்லூரி மாணவர்கள் இத்தகைய கணக்குகளைப் படிக்கும்போது அவர்களுடைய கண் எங்கெங்கே போகிறது என்று பதிவு செய்து பார்த்தார்கள். தடுமாறியவர்களின் கண், எண்களுக்கும் ‘அதிகம்’, ‘குறைவு’ போன்ற சொற்களுக்குமே திரும்பத் திரும்பப் போனது. சரியாகப் போட்டவர்களோ யாரைப் பற்றி, எந்தப் பொருளைப் பற்றிப் பேச்சு என்பதைத் தேடித் திரும்பினார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கே இந்தப் பழக்கம் விடவில்லை என்றால், அது எந்த வயதில் ஊன்றப்பட்டது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று இதைவிட வேடிக்கை. 1980 வாக்கில் பிரான்சின் கிரெனோபிள் நகரத்தில் சிறு வகுப்புக் குழந்தைகளிடம் இப்படிக் கேட்டார்கள்: “ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?” 97 குழந்தைகளில் 76 பேர் அந்த இரண்டு எண்களையும் வைத்து ஏதோ ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். சிரிக்கலாம். ஆனால் குழந்தைகள் பக்கம் ஒரு நியாயம் உண்டு. வாத்தியார் கேட்டால் விடை இருக்கும். புத்தகத்தில் இருக்கும் எண் எல்லாம் பயன்படுத்துவதற்குத்தான். அவர்களுக்குப் பள்ளி கற்றுத்தந்த வழக்கம் அது.

அந்த வழக்கத்தைப் புத்தகம் எப்படி வளர்க்கிறது என்று பாருங்கள். ‘கழித்தல்’ என்று ஒரு பாடம். அதில் பத்துப் பதினைந்து வெறும் கழித்தல்கள். கடைசிப் பக்கத்தில் ‘வாழ்க்கைக் கணக்குகள்’ என்று நாலைந்து. அவை அத்தனையும் கழித்தல். பாடத்தின் தலைப்பே விடையைச் சொல்லிவிட்ட பிறகு, குழந்தை கதையைப் படித்து என்ன ஆகப் போகிறது? பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்து எழுதிவிட்டு விளையாடப் போகிறது. எனக்கும் அந்த வயதில் அதே புத்திதான் வந்திருக்கும். ஆகவே என் முதல் வேண்டுகோள்: கழித்தல் பாடத்தின் கடைசியில் கூட்டலும் பெருக்கலும் கலந்து வரட்டும். விடை சொல்லவே முடியாத கணக்கு ஒன்று, தேவையில்லாத எண் ஒன்று ஒளிந்திருக்கும் கணக்கு ஒன்று, ஒவ்வொரு பருவத்திலும் இருக்கட்டும். “இதுக்கு விடை சொல்ல முடியாது டீச்சர்” என்று ஒரு குழந்தை துணிந்து சொல்வதற்குப் புத்தகத்தில் இடம் இருக்க வேண்டும்.

இன்னும் ஒரு படி போகிறேன். வாழ்க்கைக் கணக்கைப் பாடத்தின் வாலில் ஏன் வைக்கிறோம்? முதலில் வெறும் கணக்கு, அது தேறிய பிறகு கதைக் கணக்கு என்பது நம் எல்லோர் மனதிலும் ஊறிய வரிசை. அது எளிது, இது கடினம் என்ற எண்ணம். பிரேசிலின் ரெசிஃபே நகரச் சந்தையில் இளநீரும் பழமும் விற்ற சிறுவர்களைப் பற்றி 1985இல் வெளிவந்த ஆய்வு இந்த எண்ணத்தைக் கவிழ்த்துப் போட்டது. வியாபாரத்தின்போது அவர்கள் வாயால் போட்ட கணக்கில் 98 விழுக்காடு சரி. அதே கணக்குகளைக் கதையாகக் கொடுத்தபோது 74 விழுக்காடு. கதை இல்லாமல் வெறும் எண்ணாக எழுதிக் கொடுத்தபோது 37தான். கதை அவர்களைத் தடுக்கவில்லை, தாங்கிப் பிடித்திருக்கிறது. நம் நாட்டில் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் நடத்திய ஆய்வு 2025இல் வந்தது. அங்கும் இதே பிளவு: கடையில் மளமளவென்று கணக்குப் பார்க்கும் பிள்ளை பள்ளிக்கணக்கில் திணறுகிறது, பள்ளிக்கணக்கு போடும் பிள்ளை கடைக்கணக்கில் திணறுகிறது.

எழுதவே வராத வயதிலும் கதைக் கணக்கு முடியும். அமெரிக்காவில் கார்பென்டர் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், 70 மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்குப் பெருக்கல், வகுத்தல் உட்பட ஒன்பது கதைக் கணக்குகள் கொடுத்தார்கள். 32 குழந்தைகள் ஒன்பதுக்கும் சரியான வழியைக் கண்டுபிடித்தார்கள். வாய்ப்பாடு தெரியாது, வில்லைகளை அடுக்கி, கதையில் நடந்ததை அப்படியே நடத்திப் பார்த்தார்கள். நம் ஊர்ப் பாட்டிமாருக்கு இது ஆய்வில்லாமலே தெரிந்திருக்கிறது. “நாங்களும், எங்க பங்கும், எங்கள்ல பாதியும், அதுல பாதியும், உன்னையும் சேத்தா நூறு” என்று, ‘நீங்க எத்தனை பேர்?’ எனக் கேட்ட இன்னொரு பறவைக்குப் பறவைகள் பதில் சொல்லும் விடுகதையைப் பள்ளி வாசலை மிதிக்காத பிள்ளைகளிடமும் கேட்டார்களே! (முப்பத்தாறு. 36, 36, 18, 9, 1 என்று கூட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.) ஆகவே பாடம் கதையில் தொடங்கட்டும். அதைப் போட்டுப் பார்த்த பிறகு கூட்டல் குறி வரட்டும்.

மீதி வரும் வகுத்தலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1983இல் வெளியான அமெரிக்கத் தேசிய மதிப்பீட்டு முடிவில் ஒரு கணக்கு புகழ் பெற்றது. ஒரு பேருந்தில் 36 படைவீரர்கள் ஏறலாம். 1128 பேரை அழைத்துப் போக எத்தனை பேருந்து வேண்டும்? பதின்மூன்று வயது மாணவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் வகுத்தலைச் சரியாகச் செய்தார்கள். 32 என்று விடை எழுதியவர்கள் 23 விழுக்காடுதான். 29 விழுக்காட்டினர் “31, மீதி 12” என்று எழுதினார்கள். மீதி 12 பேருந்து என்றால் என்ன?

இதை நம் பள்ளிக்கூடத்து முட்டையில் சொல்லிக் கொடுக்கலாம். சத்துணவுக்கு வரும் முட்டை அட்டையில் 30 குழிகள். 200 முட்டைகள் வந்தால் எத்தனை அட்டை முழுதாக நிரம்பும்? ஆறு. எல்லா முட்டையையும் வைக்க எத்தனை அட்டை வேண்டும்? ஏழு. கடைசி அட்டையில் எத்தனை இருக்கும்? இருபது. மூன்றுக்கும் ஒரே வகுத்தல், ஈவு 6, மீதி 20. மூன்று கேள்வியையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கதையைப் படிக்காத குழந்தை அந்தப் பக்கத்தைத் தாண்டவே முடியாது. ஈவும் மீதியும் எழுதச் சொல்லும் இருபது கணக்குகளைவிட இந்த ஒரு பக்கம் எனக்கு மேல்.

மொழிக்கு வருகிறேன். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். “சந்தையில் கிலோ 30 ரூபாய் வீதம் வாங்கிய 5 கிலோ தக்காளியில் அழுகிய 1 கிலோ போக மீதமிருந்ததைக் கிலோ 40 ரூபாய்க்கு விற்ற வியாபாரி பெற்ற தொகை எவ்வளவு?” பெரியவர்கள் இதை ஒரே மூச்சில் படித்துவிடுவோம். எட்டு வயதுக் குழந்தை, யார் என்ன செய்தார் என்று தெரிவதற்குள் நான்கு எண்களைச் சுமக்க வேண்டும். இதையே நாலு சின்ன வாக்கியமாக வெட்டினால் கணக்கின் கடினம் குறையாது, படிக்கும் கடினம்தான் குறையும். முடிந்தால் கேள்வியை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறோம். தமிழில் அரும்பாகவும் கணக்கில் மலராகவும் ஒரு குழந்தை இருக்க முடியும். அதன் கையில் மலர் நிலைக் கணக்குத்தாளைக் கொடுத்தால், எழுத்துக்கூட்டிப் படிப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. நாம் கணக்கில் பின்தங்கியது என்று பதிவேற்றுகிறோம். கணக்கு மதிப்பீட்டில் கேள்வியை ஆசிரியர் வாய்விட்டுப் படித்துக் காட்டலாம் என்று ஒரு வரி அறிவுரையில் இருந்தால் போதும்.

வகுப்பில் எனக்குக் கைகொடுத்த ஒரு வழி, எண்களை மறைத்துவிட்டுக் கதையை மட்டும் எழுதுவது. “அப்பா கொஞ்சம் ரூபாய் கொடுத்தார். அதில் கொஞ்சத்துக்குப் பேனா வாங்கினேன்.” இப்போது பிடித்துக்கொள்ள எண் இல்லை. என்ன நடந்தது, இப்போது கையில் கூட இருக்குமா குறைய இருக்குமா என்று பேசியே ஆக வேண்டும். பிறகு எண்ணை எழுதுவேன். நேரம் பிடிக்கும் வேலைதான். ஒரு பாடவேளையில் இரண்டு கணக்குக்கு மேல் நகராது. பாடம் முடிக்கச் சொல்லி அழுத்தம் இருக்கும்போது எந்த ஆசிரியருக்கும் இதற்குத் துணிச்சல் வராது. கணக்குகளின் எண்ணிக்கையைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

இன்னொரு வழி, பட்டை வரைவது. சிங்கப்பூர் கல்வி அமைச்சகம் 1983இல் தன் தொடக்கப்பள்ளிப் புத்தகங்களில் கொண்டுவந்த முறை. கவிதாவுக்கு ஒரு நீளப் பட்டை, தம்பிக்கு அதைவிடக் குட்டையாக ஒன்று, இடைவெளியில் 4. வரைந்த பிறகு பதினாறு என்று சொல்ல வாய் வராது. ஆனால் நம் பயிற்சித்தாளில் கணக்குக்குக் கீழே விடை எழுத ஒரு கோடு மட்டும் இருக்கிறது. வரைய வெற்றிடம் விடுங்கள், காகிதம் கொஞ்சம் கூடச் செலவானால் ஆகட்டும்.

கடைசியாக, விடைக்குறிப்பு. கொடுக்கப்பட்டவை, கண்டறிய வேண்டியவை, தீர்வு, விடை என்று தலைப்புப் போட்டு எழுதும் முறையில் எனக்கு விரோதம் இல்லை. கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, கணக்கைத் தீர்ப்பதற்கென 1945இல் சொன்ன நான்கு படிகளின் சாயல் அதில் இருக்கிறது. ஆனால் அவர் சொன்னது யோசிக்கும் படிகள். நம் பிள்ளைகள் தலைப்புக்குக் கீழே கேள்வியின் வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எழுதுகிறார்கள், அதற்கு மதிப்பெண்ணும் விழுகிறது. கவிதா கணக்கைப் படம் வரைந்தோ மனதில் போட்டோ எட்டு என்று எழுதிய குழந்தைக்குப் படிநிலை இல்லை என்று மதிப்பெண் போகிறது. அடுத்த விடைக்குறிப்பில், படமும் கோடும் வாய்மொழி விளக்கமும் படிநிலையாக ஏற்கப்படும் என்று சேர்த்துவிடுங்கள். நீங்கள் எழுதித் தராமல் திருத்துபவர்கள் தாமாக மதிப்பெண் போட மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி இடைநிலை ஆசிரியை ஒருவர்