உலைக்கு முன் உப்பை ஆராயுங்கள்: அணுசக்தித் துறைக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அணுசக்தித் துறைச் செயலாளர் அவர்களுக்கும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத் தலைவர் அவர்களுக்கும் வணக்கம்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் சிறு அணு உலைகளின் ஆராய்ச்சிக்கென 20,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. உள்நாட்டில் வடிவமைத்த ஐந்து சிறு உலைகளாவது 2033-க்குள் இயங்க வேண்டும் என்று இலக்கும் வைக்கப்பட்டது. அதுமுதல் புதுவகை உலைகளைப் பற்றிய பேச்சு பெருகியிருக்கிறது. அவற்றுள் உருகிய உப்பு உலையைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன். அதன் தீராத சிக்கல் காரைக்குடிக்கு நெடுநாள் பழக்கமான ஒரு துறையைச் சேர்ந்தது.

அணு உலையை நிறுத்துவதைவிட, நிறுத்திய பின் குளிர்விப்பதே கடினம். கூடங்குளத்தின் ஓர் உலை 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. அணுப்பிளவை நிறுத்திய அந்தக் கணத்திலும் அதில் ஏறத்தாழ ஆறு விழுக்காடு, அதாவது 200 மெகாவாட்டுக்கு நெருக்கமான வெப்பம், எரிபொருளிலிருந்து வந்துகொண்டேயிருக்கும். 2011-ல் புகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும், இயங்கிக்கொண்டிருந்த உலைகள் முறைப்படி நின்றன. பின்னர் வந்த ஆழிப்பேரலை டீசல் மின்னாக்கிகளை மூழ்கடித்ததால், நின்ற உலைகளே எஞ்சிய வெப்பத்தில் உருகின. 2004 டிசம்பரில் கல்பாக்கத்தின் நீரேற்றுக் கூடத்துக்குள்ளும் கடல் புகுந்தது. அன்று இயங்கிய உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது என்பதை நன்றியோடு நினைக்கிறேன்.

உருகிய உப்பு உலையின் கவர்ச்சி இவ்விடத்தில்தான் இருக்கிறது. எரிபொருளே புளோரைடு உப்பில் கரைந்து, 650 பாகை செல்சியஸ் அளவில் ஓடுகிறது. அவ்வுப்பு கொதிக்க 1,400 பாகையளவு வேண்டும் என்பதால், நீர் உலைகளில் உள்ள பேரழுத்தம் இங்கு இல்லை. அடியிலுள்ள குழாய் ஒன்றில் உப்பு உறைந்து அடைப்பாக நிற்கும். மின்சாரம் போய் அதைக் குளிர்விக்கும் காற்று நின்றால், அடைப்பு உருகி, எரிபொருள் முழுவதும், தானாக ஆறுவதற்கென வைத்த கீழ்த்தொட்டிக்கு வடிந்துவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் இத்தகைய சோதனை உலை ஒன்று 1965 முதல் 1969 வரை இயங்கியது. தோரியத்திலிருந்து பெறக்கூடிய யுரேனியம்-233-ஐக் கொண்டு 1968-ல் அதை இயக்கியும் காட்டினார்கள். சீனா கான்சு மாகாணத்தில் கட்டிய 2 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட உலை 2023-ல் இயங்கத் தொடங்கியது. மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் கனிமத்தை வைத்திருக்கும் நாம் இதை விரும்புவதும், பாபா அணு ஆராய்ச்சி மையம் இவ்வகை உலைக்கு ஒரு வடிவமைப்பை உருவாக்கியிருப்பதும் இயல்பே.

ஆனால் ஓக் ரிட்ஜ் கதையின் பிற்பகுதியை மேடைகளில் யாரும் சொல்வதில்லை. சாதாரண எஃகைக் காக்கும் ஆக்சைடு படலத்தைப் புளோரைடு உப்பு கரைத்துவிடும். அடுத்து உலோகத்திலுள்ள குரோமியத்தை இழுக்கும். அதற்கென்றே உருவாக்கிய நிக்கல் கலவை ஓரளவு தாங்கியது. எனினும் அணுப்பிளவில் பிறக்கும் டெல்லூரியம் என்ற தனிமம் அதன் பரப்பில் நுண்விரிசல்களை உண்டாக்கியது. உப்பில் யுரேனியத்தின் இரு அயனி நிலைகளுக்கிடையே உள்ள விகிதத்தை இடைவிடாது அளந்து கட்டுப்படுத்தினால் அரிப்பு குறையும் என்று கண்டறிந்தார்கள். இதைவிட என்னை உறுத்துவது உலை மூடிய பிறகு நடந்தது. உறைந்த உப்பு தொட்டியிலேயே விடப்பட்டது. கதிர்வீச்சு அதைச் சிதைத்து புளோரின் வாயுவைப் பிரித்திருந்ததும், யுரேனியம் ஆவியாகிக் குழாய்களுக்குள் பரவியிருந்ததும் 1994-ல்தான் தெரியவந்தன. உருகும் ஆபத்தை நீக்கிய வடிவமைப்பு, மூடிக் கால் நூற்றாண்டு கழித்து வேறோர் ஆபத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது.

இது வேதியியலின் சிக்கல். குறிப்பாக, மின்வேதியியலின் சிக்கல். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட எங்கள் ஊர் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அரிப்பையும் மின்பகுப்பையும் தொழிலாகவே கொண்டது. உருகிய உப்பிலிருந்து மக்னீசியம் எடுக்கும் ஆய்வு அங்கு நடந்திருக்கிறது. கடற்காற்றில் உலோகங்கள் அரிபடுவதை ஆராய மண்டபத்தில் அதற்கு நிலையம் உண்டு.

ஆகவே காரைக்குடிக்கு நான் கேட்பது உலையை அன்று. கதிரியக்கமில்லாத உப்பைப் பல்லாண்டுகள் இடைவிடாது ஓட்டிப் பார்க்கும் சோதனைக் குழாய்ச் சுற்றுகளை, அந்த 20,000 கோடியில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு சிக்ரியிலும் கல்பாக்கத்திலும் அமையுங்கள். உள்நாட்டுக் கலவைகள் எத்தனை மணி நேரம் தாங்கின, எங்கே விரிசல் விட்டன என்பவற்றைத் தோல்விகள் உட்பட ஆண்டுதோறும் தமிழிலும் வெளியிடுங்கள். ஐந்தொகை போட்டுக் காட்டாத கணக்கை இந்தச் சீமையில் யாரும் ஏற்றதில்லை. உலைக் கணக்கும் அப்படியே. 1995-ல் ஜப்பானின் மோஞ்சு உலையில் அதைக் குளிர்விக்கும் சோடியம் கசிந்தபோது, அதை இயக்கியவர்கள் காணொளியின் ஒரு பகுதியை மறைத்ததே கசிவைவிடப் பெரிய சினத்தை மூட்டியது. 2019-ல் கூடங்குளத்தின் நிர்வாகக் கணினியில் தீநிரல் புகுந்ததை முதல்நாள் மறுத்து மறுநாள் ஒப்புக்கொண்டதும் மக்கள் நினைவில் இருக்கிறது.

2033 என்ற ஆண்டு இதற்குத் தடையாக வேண்டியதில்லை. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலையின் கட்டுமானம் 2004-ல் தொடங்கியது. உலையின் மையப்பகுதியை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் செலவான காலத்தை நான் பழிக்கவில்லை. உப்புக்கும் அதே பொறுமை வேண்டும்; அரிப்புச் சோதனையின் முடிவுகளைப் பொதுவில் வைக்கும்வரை, எந்த ஊரிலும் உருகிய உப்பு உலைக்கு இடம் தேர்ந்தெடுக்க வாரியம் ஒப்புதல் தரலாகாது.

சோதனைச் சுற்றுகளுக்கு எவ்வளவு ஒதுக்க இயலும், முதல் அறிக்கை எந்த ஆண்டில் வெளிவரும் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் பயின்ற காரைக்குடிவாசி ஒருவர்