தீயணைப்பு வண்டிக்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

ஊருக்கு ஊர் அம்ருத் திட்டத்தில் புதுக் குடிநீர்க் குழாய் பதிக்கிறார்கள். அதைப் பற்றி உங்களுக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் தூசியையும் பள்ளத்தையும் பற்றியே இருக்கின்றன. நான் கேட்க வந்தது வேறு. அவசரத்துக்கு இந்தப் புதுக் குழாயிலிருந்து தீயணைப்பு வண்டி தண்ணீர் பிடிக்க முடியுமா? முடியும் என்றால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்? திறந்து, அளந்து, யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? ஒரு நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

விதி இல்லாமல் இல்லை. மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பான சி.பி.எச்.இ.இ.ஓ. 1999-ல் வெளியிட்ட குடிநீர்க் கையேடு, 50,000 பேருக்கு மேல் வாழும் ஊருக்குத் தீயணைப்புக்கென்று தண்ணீர் ஒதுக்கச் சொல்கிறது. மக்கள்தொகையை ஆயிரத்தில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 100-ஆல் பெருக்கினால் வருவது அத்தனை கிலோ லிட்டர். ஒரு லட்சம் பேர் இருக்கும் ஊருக்கு 1,000 கிலோ லிட்டர், அதாவது 10 லட்சம் லிட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு குடிநீர்த் தொட்டிகளிலேயே இருப்பது நல்லது, மீதியை முக்கியமான இடங்களில் தனித் தொட்டிகளில் வைக்கலாம் என்கிறது கையேடு. அரசியல் சாசனத்தின் 12-வது அட்டவணையும் நகராட்சிகளுக்குரிய 18 பணிகளில் குடிநீரை 5-வதாகவும் தீயணைப்பை 7-வதாகவும் சொல்கிறது. நம் மாநிலத்திலோ தீயணைப்புத் துறை உள்துறையின் கீழ், குழாய் உள்ளாட்சியின் கையில். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஹைட்ரண்டை, அதாவது தீயணைப்புக்குத் தண்ணீர் பிடிக்கும் தெருக் குழாய் வாயை, தன் பொறுப்பு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

நான் வேலை பார்த்த ஊரின் கடைத்தெருவில் பழைய வார்ப்பிரும்பு ஹைட்ரண்டுகள் இருந்தன. ரோட்டு மேல் ரோடு போட்டு மூடியெல்லாம் தாருக்கு அடியில் போய்விட்டது. கடப்பாரையால் கொத்தித் திறந்தால் குழி நிறைய மண். திறக்கும் தண்டான ஸ்பிண்டில் துருவேறி அசையாது. ஹோஸ் மாட்டும் வாயில் வாஷர் இருக்காது. வெளியே தெரிந்தவற்றிலும், ராத்திரியில் லாரிக்காரர்கள் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று வெல்டு வைத்து அடைத்துவிட்டார்கள். பதிவேட்டில் மட்டும் எல்லாம் பத்திரமாக இருந்தன.

சரி, புதிதாக வைத்தால் தீர்ந்ததா? வைத்ததை அளக்காவிட்டால் அதுவும் பதிவேட்டுச் சரக்குதான். "கேஜில் இரண்டு கிலோ பிரஷர் காட்டுகிறதே, அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது காட்டும் அழுத்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உடைப்பைச் சரிசெய்துவிட்டு வால்வை முழுதாகத் திறக்காமல் போவது அடிக்கடி நடக்கிற ஒன்று. அந்த வால்வுக்கு அப்பால் கேஜை மாட்டினால், தண்ணீர் நிற்கிற வரை முள் முழு அழுத்தத்தையே காட்டும். வீட்டுக் குழாய்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் தெருக்காரர்களுக்கும் வித்தியாசம் தெரியாது. ஹைட்ரண்டைத் திறந்து நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டர் கேட்கும்போதுதான் முள் சரசரவென்று கீழே இறங்கும். உள்ளே துரு கட்டிச் சுருங்கிப்போன பழைய குழாயிலும் இதே கதைதான்.

அதனால்தான் அமெரிக்காவில் இரண்டு ஹைட்ரண்டுகளை வைத்துச் சோதிக்கிறார்கள். ஒன்றில் கேஜை மாட்டி, தண்ணீர் ஓடாதபோது உள்ள அழுத்தத்தைக் குறித்துக்கொள்வார்கள். பக்கத்து ஹைட்ரண்டை முழுதாகத் திறந்து, பாயும் தண்ணீரின் நடுவில், அதன் வேகத்தைக் காட்டும் பிட்டோ அளவியைப் பிடித்து ஓட்டத்தை அளப்பார்கள். அதே நேரத்தில் முதல் கேஜில் முள் எவ்வளவு இறங்கியது என்றும் பார்ப்பார்கள். அந்த இறக்கத்தை வைத்து, அழுத்தம் 20 பி.எஸ்.ஐ.-க்கு (சுமார் 1.4 கிலோ) வரும்வரை எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்று கணக்குப் போடுவார்கள். அதற்குக் கீழே போனால் ஓட்டை இணைப்புகள் வழியாகச் சாக்கடை நீர் குடிநீர்க் குழாய்க்குள் இழுபடும் ஆபத்து உண்டு. அங்குள்ள தீத் தடுப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.-வின் 291-ம் எண் பரிந்துரைப்படி, கிடைத்த அளவுக்கு ஏற்ப ஹைட்ரண்டின் தலையில் வர்ணம் பூசுகிறார்கள். நிமிடத்துக்குச் சுமார் 1,900 லிட்டருக்குக் குறைந்தால் சிவப்பு. 5,700 லிட்டர் அளவைத் தொட்டால் வெளிர் நீலம். வண்டியிலிருந்து இறங்கும்போதே வீரருக்குத் தெரிந்துவிடும்.

இதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்பது எனக்குத் தெரியும். நம் 1999 கையேடு ஒரு மாடி கூட இல்லாத வீடுகளுக்குக் கேட்ட அழுத்தமே 7 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறும் அளவுதான், அதாவது 0.7 கிலோ. அதுவும் தண்ணீர் விடும் நேரத்தில் மட்டும். நாளுக்கு இரண்டு மணி நேரம் தண்ணீர் ஓடும் தெருவில், மற்ற நேரம் ஹைட்ரண்டைத் திறந்தால் காற்றுதான் வரும்.

ஆகவே நம் ஊருக்கு ஏற்ற சோதனை மேல்நிலைத் தொட்டியிலிருந்து தொடங்க வேண்டும். தொட்டியின் விநியோகக் குழாயைக் கொஞ்சம் உயரத்தில் வைத்து, அதற்குக் கீழே நிற்கும் தண்ணீரைத் தீயணைப்புக்கென்று விட்டுவிடலாம். அடியிலிருந்து தனிக் குழாய் இறக்கி, தொட்டி வளாகத்துக்கு வெளியே வண்டி நிற்கும் இடத்தில் வாய் வைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் தொட்டி வற்றும் கோடையில், நிலையத்திலிருந்து வண்டியை வரவழைத்து நிரப்பிப் பார்க்க வேண்டும். வழக்கமான 4,500 லிட்டர் வண்டி 9 நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 500 லிட்டர். அந்த எண்ணையும் தேதியையும் குழாய்க்குப் பக்கத்திலேயே பெயின்டில் எழுதிவிடலாம். ஒரு நாசிலில் நிமிடத்துக்கு 450 லிட்டர் போனால் அந்த வண்டி 10 நிமிடத்தில் காலி. அடுத்த வண்டி நிரம்பி வருகிறதா என்பதில்தான் ஒரு கடையோடு தீ நிற்குமா, தெருவே போகுமா என்பது இருக்கிறது. குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது சோதனைக்கு வீணாக்குவதா என்று கேட்பவர்களுக்கும் இதில் பதில் உண்டு: ஒரு சொட்டு சாக்கடைக்குப் போகாது, எல்லாம் வண்டிக்குள்தான்.

ஹோஸை மாட்டிப் பார்ப்பதும் இதோடு சேர்ந்தது. 1904-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் பற்றி எரிந்தபோது மற்ற நகரங்களிலிருந்து உதவிக்கு வந்தவர்களின் ஹோஸ் பல அங்கிருந்த ஹைட்ரண்டில் பொருந்தவில்லை. 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. நம்மிடம் 63 மில்லிமீட்டர் வாய்க்கு இந்தியத் தரம் இருக்கிறது. ஒப்பந்ததாரர் வாங்கி மாட்டியது அதுதானா என்று தீயணைப்பு வீரர் கையால் மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இருப்பில் இருக்கும் தண்ணீரையும் விடாமல் கண்காணிக்க வேண்டும். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸ் பகுதி எரிந்தபோது, தலா 10 லட்சம் கேலன் கொண்ட மூன்று தொட்டிகள் வற்றி, மேட்டுப் பகுதியில் ஹைட்ரண்டுகள் வறண்டன. பக்கத்தில் சுமார் 44 கோடி லிட்டர் கொள்ளும் நீர்த்தேக்கம் மூடியைப் பழுதுபார்ப்பதற்காகக் காலியாக இருந்தது. அத்தனை வசதி உள்ள நகரத்துக்கே அந்த நிலை.

புதுக் குழாய் பதித்ததும் கசிவு பார்க்க ஹைட்ராலிக் டெஸ்ட் செய்யாமல் வேலையை ஏற்பதில்லை. அதே நாளில் ஓட்டச் சோதனையையும் செய்து, தீயணைப்பு நிலைய அலுவலரின் கையெழுத்தும் இருந்தால்தான் இறுதி பில் என்று உள்ளாட்சிகள் வைக்க வேண்டும். மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு, ஜவுளிக் கடைகள் நெருக்கியடிக்கும் வீதி, பட்டாசுக் கடை போடும் இடம் என்று தொடங்கினாலே போதும். ஹைட்ரண்டுக்கு ஒரு டீ (T வடிவ) இணைப்பு விடுவது குழி திறந்திருக்கும்போது ஒரு நாள் வேலை. ரோடு போட்ட பிறகு அதற்கு மறுபடியும் எஸ்டிமேட், மறுபடியும் டெண்டர், மறுபடியும் தோண்டல். எங்கள் தெருவில் குழி இன்னும் மூடவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
தென் மாவட்டம்.