இரண்டாம் தவணை நிறைவும் ஆறாம் ஆண்டு ஒப்படையும்: பெற்றோருக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் தவணை இனிதே நிறைவுற்றது. தேர்வு, பேச்சுப்போட்டி, விளையாட்டு விழா ஆகிய அனைத்திலும் பிள்ளைகள் உற்சாகத்துடன் பங்குபற்றினார்கள். ஒத்துழைத்த எல்லோருக்கும் நன்றி.

இனி, ஆறாம் ஆண்டு மாணவர்களின் ‘ஒரு சொல், பல மொழிகள்’ ஒப்படை பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. இங்கே யேர்மனியில் வளரும் நம் பிள்ளைகள் பாதத்தைப் பகற்பள்ளியில் யேர்மன் மொழியில் ‘ஃபூஸ்’ என்றும் ஆங்கில வகுப்பில் ‘ஃபுட்’ என்றும் சொல்வது ஒரே சொல்லின் இரு வடிவங்களே என்பதை அவர்களாகவே கண்டறிய வேண்டும் என்பதே இதன் நோக்கம். அச்சொல் டச்சில் ‘வூட்’, நோர்வேயிலும் சுவீடனிலும் ‘ஃபூட்’; 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர் மொழிபெயர்த்த, இன்று வழக்கொழிந்த கோத்திக் மொழி விவிலியத்தில் ‘ஃபோட்டுஸ்’. ‘ஃபுட்’ என்பது ‘ஃபீட்’ ஆவதற்கும், ‘ஃபூஸ்’ பன்மையில் உயிரொலி திரிவதற்கும் காரணம் ஒன்றுதான்: பழைய பன்மை விகுதியில் இருந்த இகரம் முன்னிருந்த உயிரைத் தன் பக்கம் இழுத்துவிட்டுத் தான் மறைந்துபோனது. ‘கூப்பிட்டுவிட்டு ஓடி ஒளித்த எழுத்து’ என்று ஒரு மாணவி இதை எழுதியிருந்ததை ஆசிரியர் அறையில் எல்லோரும் வாசித்து மகிழ்ந்தோம்.

ஆயினும், பிள்ளைகள் ஒப்படையை எழுதிக் கொண்டுவந்த அட்டைகளுள் பலவற்றில் ‘பாதம் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்தே ஃபூஸ் பிறந்தது’ என்ற வரி, ஏறத்தாழ ஒரே சொற்களில், பெரியவர்களின் கையெழுத்தில் காணப்பட்டது. ஓர் அட்டையில் ‘பாதமும் ஃபூஸும் ஒன்றுவிட்ட சகோதரங்கள்’ என்று பிள்ளை பென்சிலால் எழுதியதை, தாள் நைந்துபோகும் அளவுக்கு அழித்து, அதன்மேல் நீல மையால் திருத்தம் செய்யப்பட்டிருந்தது. வருத்தம் என்னவென்றால், அழிக்கப்பட்டதுதான் சரியான விடை.

‘பாதம்’ வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். வடமொழியின் ‘பாத’, லத்தீனின் ‘பெட்’, கிரேக்கத்தின் ‘பொட்’, யேர்மன், ஆங்கிலம், டச்சு முதலியவை அடங்கிய ஜெர்மானிய மொழிகளின் ‘ஃபோட்’ ஆகிய அடிகள் எல்லாம் அவற்றினும் பழைய ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. லத்தீனில் பகரம் நிற்கும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் ‘ஃப’ வரும். மீனுக்கு லத்தீனில் ‘பிஸ்கிஸ்’, யேர்மன் மொழியில் ‘ஃபிஷ்’. இந்த ஒழுங்கை 1818இல் டென்மார்க்கின் மொழியியலாளர் ராஸ்க் எடுத்துக்காட்ட, 1822இல் யேர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் விதியாக வகுத்தார். சொல்லின் இடையிலும் இறுதியிலும் உயிரை அடுத்து ஆங்கிலம் டகரத்தைக் காக்க, யேர்மன் மொழி அதை சகரமாக்கியது. ‘வாட்டர்’, ‘வாசர்’ என்ற இணையிலும் பிள்ளைகள் அதையே கண்டார்கள். நமக்கே உரிய சொற்கள் அடி, தாள், கால் ஆகியன. ‘அடி’ நம்மிடமும் நீள அளவாக நிற்பதும், பவேரியாவிலும் ஒஸ்திரியாவிலும் நாம் ‘கால்’ என்பதைப் போலவே ‘ஃபூஸ்’ முழுக் காலையும் குறிப்பதும் உறவால் வந்தவை அல்ல. என் பார்வையில் உறவைவிட இவையே சுவையானவை. ஆனால் எந்த அட்டையிலும் இவை இல்லை.

தமிழ்மீது உங்களுக்குள்ள பற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்தப் பற்று இல்லையென்றால் சனிக்கிழமை காலையில் இத்தனை தூரம் பிள்ளைகளை அழைத்து வரமாட்டீர்கள். எனினும், பிள்ளையின் எழுத்தை அழித்துவிட்டு நம் கருத்தை எழுதுவதும், திருத்திய ஆசிரியைக்குத் தமிழுணர்வு இல்லை என்று பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் பதிவிடுவதும் இப்பாடசாலையில் ஏற்கப்படமாட்டா. அப்பதிவை இட்டவர் அதை நீக்கிவிட்டு ஆசிரியையுடன் நேரில் பேச வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

அட்டைகள் அனைத்தும் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டுள்ளன. விடுமுறைக்குப் பின்வரும் முதல் சனிக்கிழமை அவற்றை மீண்டும் கொண்டுவரலாம். பென்சிலில், பிள்ளையின் கையெழுத்தில், பிழை இருந்தாலும் பரவாயில்லை. நோர்வே, டென்மார்க், நெதர்லாந்து நாடுகளிலுள்ள மாமா, சித்திமாரைத் தொலைபேசியில் அழைத்து, அந்த ஒரு சொல்லை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து ஒலிப்பதிவு அனுப்பிய பெற்றோருக்கு மனமார்ந்த நன்றி. டேனிஷ் ஒலிப்பதிவின் இறுதி மெய்யை வகுப்பில் இன்னும் ஒருவராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை, என்னையும் சேர்த்து.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்