என் மகளின் சினைப்பையைக் காத்துத் தந்தவர்களுக்கு

மதிப்பிற்குரிய மருத்துவர் அம்மா அவர்களுக்கும், ஸ்கேன் மருத்துவருக்கும், மயக்க மருந்து நிபுணருக்கும், மகளிர் வார்டின் செவிலியர்களுக்கும் பணியாளர்களுக்கும் வணக்கம்.

என் மகள் மறுபடியும் கல்லூரிக்குப் போய்வருகிறாள். பஸ்ஸில் நின்றபடியே போகிறாள், மாடிப்படி ஏறுகிறாள். டிஸ்சார்ஜ் அன்று உங்களைக் கும்பிட்டுவிட்டு வந்ததோடு என் மனம் ஆறவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி ஸ்கேன் மருத்துவருக்கு. முன்பு நாங்கள் போன இடத்தில் வாயுக் கோளாறு என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். வலி வரும், போகும். வந்தால் வாந்தியும் சேர்ந்து வரும். நீங்கள்தான் திரையை எங்கள் பக்கம் திருப்பி, கருமுட்டை உருவாகும் வலது சினைப்பையில் 8 சென்டிமீட்டர் அளவுக்குக் கட்டி இருப்பதையும், அதன் கனத்தில் சினைப்பையே முறுக்கிக்கொண்டிருப்பதையும் காட்டினீர்கள். முறுக்கினால் ரத்த ஓட்டம் தடைப்படும், நேரம் போகப்போகச் சினைப்பை அழுகிவிடும் என்றீர்கள். ரிப்போர்ட் அச்சாகும்வரை காத்திராமல் கையால் எழுதிக் கொடுத்து, அறுவை சிகிச்சை மருத்துவரை நீங்களே போனில் அழைத்தீர்கள். எங்களுக்கு முன்னால் வந்து வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அந்தத் தாய்மார்களுக்கும் என் நன்றி.

என் மகள் மயக்க ஊசிக்குத்தான் அதிகம் பயந்தாள். மயக்க மருந்து நிபுணர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதை சொன்னார். 1809-இல் அமெரிக்காவின் கென்டக்கியில், எஃப்ரைம் மெக்டவல் என்ற மருத்துவர் ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற பெண்ணின் வயிற்றைத் திறந்து, ஏறக்குறைய 10 கிலோ எடையுள்ள சினைப்பைக் கட்டியை எடுத்தார். அன்று மயக்க மருந்தே கிடையாது. அந்தப் பெண் அதன்பிறகு 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். கதையை முடித்துவிட்டு, “உனக்கு வலியே தெரியாமல் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன், அம்மா” என்றார் நிபுணர். அந்தச் சொல்லில்தான் அவள் கை நடுக்கம் நின்றது.

மருத்துவர் அம்மா, உங்களுக்கு என்ன சொல்வது? “கல்யாணமாகாத பெண், வயிற்றில் கத்தி வைப்பதா?” என்று என் நாத்தனார் அழுதார். “சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிடுங்கள், தொல்லை விட்டது” என்றார் இன்னொருவர். நீங்கள் இருவர் மீதும் கோபப்படவில்லை. தொப்புளில் 10 மில்லிமீட்டர், அடிவயிற்றில் 5 மில்லிமீட்டரில் இரண்டு துளைகள், அவ்வளவுதான் என்று தாளில் வரைந்து காட்டினீர்கள். சினைப்பையைக் காப்பாற்ற முடிந்ததையெல்லாம் செய்வேன், முடியாவிட்டால் மறைக்காமல் சொல்வேன் என்றும் சொன்னீர்கள். அந்த நேர்மைதான் எங்களுக்குத் தெம்பு.

அறுவை சிகிச்சை முடிந்த பிறகு அதன் வீடியோவைக் காட்டினீர்கள். முறுக்கிக் கிடந்த சினைப்பை நாவற்பழ நிறத்தில் கறுத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. நீங்கள் முறுக்கைப் பிரித்துவிட்டு, அவசரப்படாமல் காத்திருந்தீர்கள். ஓரத்தில் மெல்லச் சிவப்பு ஏறிற்று. அதன்பிறகுதான் கட்டியை மட்டும் தனியே உரித்து எடுத்தீர்கள். டெர்மாய்டு கட்டி, உள்ளே கொழுப்பும் முடியும் இருக்கும், வயிற்றுக்குள் சிந்தினால் புண்ணாகிவிடும் என்று சொல்லி, அதைச் சிறு பைக்குள் போட்டுத் தொப்புள் துளை வழியாக வெளியே கொண்டுவந்ததையும் காட்டினீர்கள். கறுத்துப்போனது என்று வெட்டி எறிய எத்தனை நேரமாகியிருக்கும்? அந்தக் காத்திருப்புக்கு நான் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

இரவுப் பணிச் செவிலியருக்கு ஒரு தனி நன்றி. வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய வாயு கொஞ்சம் தங்கி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத்தை உறுத்தும், அதனால் தோள்பட்டை வலிக்கும், பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்லிவைத்தீர்கள். சொன்னபடியே வலித்தது, சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை. விடிந்ததும் அவளைத் தோளில் சாய்த்து வராந்தாவில் நடத்தியதும் நீங்கள்தான்.

வார்டைத் துடைக்கும் அக்கா, பக்கத்துக் கட்டில் பாட்டி, கேட்காமலே வளையலைக் கழற்றிக் கொடுத்த எதிர்வீட்டுச் சகோதரி, உங்களை நான் மறக்கவில்லை. அக்கா, என் மகள் நன்றாகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டு அனுப்பினீர்களாமே? இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுகிறாள்.

எடுத்த கட்டியைச் சோதித்த பயாப்ஸி முடிவு வந்துவிட்டது, புற்று இல்லை. அடுத்த ஸ்கேனுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அன்று உங்கள் எல்லோரையும் நேரில் பார்ப்போம்.

இப்படிக்கு,
நன்றியுடன் ஒரு தாய்,
திருநெல்வேலி மாவட்டம்