மூச்சு அடைக்காமல் செய்

அன்புள்ள மகளுக்கு,

யோகா பழகப் போகிறேன், எதிலிருந்து தொடங்கட்டும் என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். ஏன் என்று எழுதவில்லை. போன வாரம் வீடியோவில் பேசும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாயே, அதை அம்மாவும் பார்த்தாள்.

சரி, கேட்டதற்கு வருகிறேன். முதலில் தாடாசனம். சும்மா நிற்பதுதானே என்று தள்ளிவிடாதே. இரண்டு பாதங்களிலும் எடை சமமாக இறங்க வேண்டும், தோள் தளர்ந்திருக்க வேண்டும். அது வந்ததும் ஒற்றைக்காலில் விருட்சாசனம். தூக்கிய பாதத்தைத் தொடையின் உள்பக்கம் வை. எட்டாவிட்டால் கெண்டைக்காலில் வை. முழங்கால் மூட்டின் மேல் மட்டும் வைக்காதே, பக்கவாட்டு அழுத்தம் அதற்கு ஆகாது. சுவரை ஒட்டி நின்றே பழகு.

குனியும் ஆசனங்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். கால்விரலைத் தொட்டே தீருவேன் என்று நீ மல்லுக்கு நிற்பாய், உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை செய்தால் தொடையின் பின்தசை இறுகிப்போகும். குனியும்போது அது இடுப்பெலும்பை முன்னால் சாயவிடாது. இடுப்பு மடங்க வேண்டிய அளவையும் சேர்த்துக் கீழ்முதுகே வளையும். அதனால் முழங்காலை மடக்கிக்கொண்டே குனி. கை தரையில் படாவிட்டால் ஒரு குறையும் இல்லை. அத்தை பட்ட பாடு உனக்குத் தெரியும்.

குப்புறப் படுத்து நெஞ்சை உயர்த்தும் புஜங்காசனத்திலும் அதே கதைதான். கையை ஊன்றி உந்தி எழாதே. முழங்கை மடங்கியே இருக்கட்டும், முதுகுத் தசையின் பலத்தால் நெஞ்சு எவ்வளவு எழும்புமோ அவ்வளவு போதும். பிறகு மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் உயர்த்து. அதுதான் சேதுபந்தாசனம். புட்டத் தசைக்கு வலு வந்தால் முதுகின் சுமை குறையும். கடைசியில் மல்லாந்து அசையாமல் படுக்கும் சவாசனம், அவசரமென்று அதைத் தவிர்க்காதே. தலைகீழாக நிற்கும் சிரசாசனம் இப்போது வேண்டவே வேண்டாம்.

ஒவ்வொரு நிலையிலும் 5 மூச்சு இருந்தால் போதும். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் 3 மணி நேரமாவது போகட்டும். மூச்சை அடக்காதே. மூச்சு அடைத்தால் எல்லை தாண்டிவிட்டாய், உடனே ஒரு படி இறங்கிவிடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் செய்வதைவிட, தினமும் 15 நிமிடம் செய்வது நல்லது. திரும்பச் சொல்கிறேன், முழங்காலை மடக்கிக்கொண்டே குனி.

அவ்வளவு தூரத்தில் தனியாக எல்லாவற்றையும் சமாளிக்கிறாய். உன்னைப் பற்றிக் கேட்பவர்களிடமெல்லாம் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் காய்ச்சல் வந்தால்கூட அது விட்ட பிறகுதானே எங்களுக்குச் சொல்கிறாய்! சின்ன வயதில் கை பிசகியபோதும் அப்படித்தான், வீக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

வலி கீழ்முதுகோடு நிற்கிறதா, காலுக்கும் இறங்குகிறதா? பாதம் மரத்துப்போகிறதா? அப்படி ஏதாவது இருந்தால் மேலே எழுதியது எதையும் தொடாதே, முதலில் மருத்துவரைப் பார். அவர் சொன்னதை விடாமல் எழுது. அம்மாவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் எனக்கு மட்டும் எழுது.

அப்பா