கோத்தகிரி ஏறப்போகும் உன் மாணவருக்காக

அன்புள்ள மகளுக்கு,

58 வயதுக்காரர் ஒருவர் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு சைக்கிளில் ஏற ஆசைப்பட்டு உன்னிடம் வந்திருப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். நீ அனுப்பிய 12 வார அட்டவணையைப் படித்தேன். உழைத்துப் போட்டிருக்கிறாய். ஆனால் அது முப்பது வயதுக்காரனுக்கான அட்டவணை, கண்ணு. பயிற்சி அளவை மூன்று வாரம் கூட்டி ஒரு வாரம் குறைப்பதை விட்டுவிடு. இரண்டு வாரம் கூட்டு, மூன்றாவது வாரம் பாதியாகக் குறை. கடினமான நாள் வாரத்துக்கு இரண்டு போதும், நடுவே 48 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இந்த வயதிலும் உடம்பு பயிற்சியை நன்றாகவே ஏற்கும்; ஆறுவதற்குத்தான் கூடுதல் நாள் கேட்கும்.

பிரஷருக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டாயா? பீட்டா பிளாக்கர், அதாவது இதயத் துடிப்பைக் குறைக்கும் வகை மாத்திரை என்றால் எவ்வளவு மிதித்தாலும் இதயத் துடிப்பு முழுதாக ஏறாது. துடிப்பு காட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்து 'இன்னும் அழுத்துங்கள்' என்று சொல்லிவிடாதே. அதிகபட்சத் துடிப்பு என்று 220-இல் வயதைக் கழித்தால் வரும் 162-கூட, மாத்திரையே இல்லாதவருக்கும் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருக்கும். பேச்சை வைத்து அளந்துகொள். முழு வாக்கியம் பேச முடிந்தால் மலைக்குச் சரியான வேகம். மூன்று நான்கு சொல்லில் மூச்சு வாங்கினால் அது இடைவெளிப் பயிற்சிக்கான (கொஞ்ச நேரம் கடினமாக மிதித்து, கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கும் பயிற்சி) வேகம். டாக்டரிடம் டிரெட்மில் டெஸ்ட் எடுத்த பிறகே அந்த இரண்டாவதைத் தொடங்கு.

அடுத்தது கியர். முன்னால் 34 பல், பின்னால் 28 என்று எழுதியிருக்கிறாய். பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி 2.55 மீட்டர் நகரும். 8 சதவீத ஏற்றத்தில் அவர் மணிக்கு 8 கிலோமீட்டர் போனால் நிமிடத்துக்கு 52 மிதிதான் வரும். அத்தனை பாரமும் முட்டியில் விழும். பின்னால் 34 பல் கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுப்பு) போட்டால் அதே வேகத்தில் 63 மிதி. வாங்குவதற்கு முன்னால், பின்சக்கரத்து டிரெய்லியரின் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) கூண்டு நீளமா என்று பார். குட்டைக் கூண்டு 34 பல்லைத் தாங்காது. செயினையும் நீளமாக மாற்ற வேண்டும். பழைய செயினையே விட்டால் பெரிய பல்லுக்குப் போகும்போது இழுத்துப் பிடித்து டிரெய்லியரை உடைத்துவிடும்.

கோயம்புத்தூரில் தினமும் மலைக்குப் போக முடியாதே என்று கவலைப்படாதே. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறதே! ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கே பார்த்து மிதித்தால் ஏற்றம் மாதிரியே விடாமல் எதிர்க்கும். மற்ற மாதங்களில் வீட்டு டிரெய்னர், அதாவது சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் கருவி. பத்து நிமிடம் மூன்று தடவை, நடுவே ஐந்து நிமிடம் ஓய்வு, நிமிடத்துக்கு 65 மிதி. பத்தை மெல்ல இருபதாக்கு. முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கலாம். ஒரு தடவைக்கு ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாதே.

அந்தச் சாலை 33 கிலோமீட்டர், ஏறும் உயரம் கிட்டத்தட்ட 1,450 மீட்டர். தொடக்கத்தில் சமமாக இருப்பதால் வேகமாகப் போய்விடுவார், அதை மட்டும் தடுத்துவிடு. குஞ்சப்பனைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. நன்றாக விடிந்த பிறகே கிளம்பட்டும். தாகம் தெரிகிறவரை காத்திருக்க வேண்டாம், வயதாக ஆகத் தாகம் தாமதமாகத்தான் தெரியும். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு வாய் தண்ணீர், மணிக்கு ஒரு வாழைப்பழமும் ஒரு கடலை மிட்டாயும்.

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ரிம் கொதித்து ட்யூப் வெடிக்கும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வளைவில் விட்டுவிடச் சொல். அதோடு பிரேக் கட்டையைக் கழற்றிப் பார். அதிலுள்ள பள்ளம் தேய்ந்து மறைந்திருந்தால் புதுசு போட்டு அனுப்பு.

அன்புடன்,
அப்பா