சோற்றுப் பார்சலை விட்டுவிடுவோம்: வன்னிக் கோயில்களின் அன்னதான சபையாருக்கு

மதிப்புக்குரிய சபையாருக்கு வணக்கம்.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வந்தால், அதன்பின் ஆடி முடியும்வரை நம் பக்கத்தில் எங்காவது ஒரு கோயிலில் கிடாரம் அடுப்பில் இருக்கும். பல வருடமாக உங்களோடு நின்று மரக்கறி வெட்டி, சோறு வடித்து, பார்சல் கட்டியவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு கோயிலில் விடியப்புறம் சோறு இறக்கி, ஐந்து மணிக்குச் சுடச்சுட லஞ்ச் சீற்றில் கட்டிப் பெட்டிகளில் அடுக்கினோம். பூசை பிந்திவிட்டது. பார்சல் கைக்குப் போனபோது பின்னேரம் இரண்டு மணி. பொழுதுபடுமுன் பிள்ளைகள் சத்தி எடுக்கத் தொடங்கினார்கள். என் தங்கையின் மகளுக்கு இரவிரவாக ஜீவனி என்ற உப்புச் சீனித் தூளைக் கரைத்துப் பருக்கினோம். கிணற்றுத் தண்ணீர் கூடாது என்றார்கள் சிலர், கத்தரிக்காயில் பூச்சிமருந்து என்றார்கள் வேறு சிலர். எனக்கு அந்த ஒன்பது மணித்தியாலம்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து அரிசியோடேயே வருவது. கொதிநீரிலும் சாகாது. சோறு ஆறி வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமிகளுக்கு வாய்ப்பு. நெருக்கி அடுக்கிய பார்சல் பெட்டி, அதுவும் வைகாசி வெயிலில், மணிக்கணக்காக அந்தச் சூட்டிலேயே இருக்கும். பரிமாறுபவரின் விரல் வெட்டுக்காயத்திலிருந்தும் மூக்கிலிருந்தும் வரும் ஸ்டாபிலோகொக்கஸ் என்ற கிருமி இன்னொன்று. இரண்டிலும் சாப்பிட்ட சில மணித்தியாலத்துக்குள் சத்தி வரும். இரண்டின் நஞ்சையும் திருப்பிச் சூடாக்கி அழிக்க முடியாது. மணமும் ருசியும் மாறாது என்பதால் "நல்லாத்தானே இருந்தது" என்போம்.

தண்ணீரில் குற்றமே இல்லை என்று சொல்ல வரவில்லை. கோடையில் கிணறு வற்றும்போது ஏனம் கழுவுவதும் குறைந்துவிடுகிறது, அதையும் பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் அன்று நாங்கள் செய்த பெரிய பிழை அதற்குப் பிறகு நடந்தது. கோயிலின் பெயர் கெட்டுவிடும் என்று மிச்சச் சோற்றைக் கிடங்கு வெட்டிப் புதைத்தோம். நானும் மண்வெட்டி பிடித்தேன். உணவு நஞ்சாதல் இலங்கையில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். வைத்தியர் அறிவித்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை விசாரிக்கும். பிள்ளைகளை ஆளுக்கொரு இடத்துக்குக் கொண்டுபோய், கோயிலில் சாப்பிட்டதை மறைத்தால் யார் எதைக் கண்டுபிடிப்பது? சோதிக்க ஒரு பிடி சோறும் மிஞ்சவில்லை.

இந்த முறை பந்தி போட்டு இலையில் பரிமாறுவோம். ஒரே தடவையில் வடித்து வைக்காமல், சனம் வர வர உலை வைப்போம். கையில் காயம் உள்ளவர் விறகுப் பக்கம் நிற்கட்டும். சமைத்த ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து மூடி, மறுநாள்வரை குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அடுப்பு மூட்டுமுன்பே கூப்பிடுங்கள்.

பந்திக்கு ஆள் காணாது என்றுதானே பார்சலுக்குப் போனோம்? திருவிழாக் கூட்டத்தில் என் பெயரை முதலில் எழுதுங்கள். இன்னும் பத்துப் பெடியளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

உங்களில் ஒருவன்